அந்த ஆட்டைத் தூக்கி வந்தது யார்?

போன தீபாவளிக்கு என் தாய்மாமா தன் கைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டினார். கனடாவில் இருக்கும் அவருடைய மகன், வடக்கே யூகான் மலைகளுக்கு வேட்டைக்குப் போய் வந்திருக்கிறான். பத்து நாள் பயணம். வழிகாட்டி, சமையல்காரர், குதிரைகள், கூடாரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து முன்கூட்டியே பணம் கட்டிவிட வேண்டுமாம். காட்டுச் செம்மறிக் கிடா ஒன்று, கரிபூ எனப்படும் பனிமான் ஒன்று. வீடியோவின் கடைசியில் பையன் கிடாவின் சுருண்ட கொம்பைப் பிடித்துத் தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு சிரிக்கிறான். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "கோம்பைக்காரன் மகன்ல? வேட்டை நம்ம ரத்தத்துலயே ஊறுனது" என்றார்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏந்தம்பி, அம்புட்டுப் பெரிய ஆட்ட அந்த மலையிலருந்து யாரு தூக்கிட்டு வந்தா?"

"அதுக்கெல்லாம் ஆளுக இருக்காக அக்கா. காசு குடுத்திருக்கான்ல."

"அதத்தான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார்.

இருபது வருடத்துக்கும் மேலாக ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறிய பெண் கேட்ட கேள்வி அது. வேட்டையைப் பற்றி எழுதப்பட்ட எந்தப் புத்தகத்திலும் இந்தக் கேள்வி முதல் பக்கத்தில் வருவதில்லை. சுட்டவனின் பெயர் இருக்கும், துப்பாக்கியின் பெயர் இருக்கும், கொம்பின் நீளம் அங்குலக் கணக்கில் இருக்கும். தூக்கி வந்தவரின் பெயர் மட்டும் இருக்காது. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த பெண்களுக்கு இந்தக் கேள்வி மிக நெருக்கமானது. ஏனென்றால் நம் மலைகளின் கதையும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

யூகானுக்குப் போக வேண்டியதில்லை. போடிமெட்டு ஏறி இறங்கினால் மூணாறு. அதை ஒட்டிய இரவிகுளம் பீடபூமிக்கு வெள்ளைக்காரர்கள் ஒரு காலத்தில் 'ஹாமில்டன் பீடபூமி' என்று பெயர் வைத்திருந்தார்கள். டக்ளஸ் ஹாமில்டன் என்ற ராணுவ அதிகாரியின் பெயர் அது. தென்னிந்திய மலைகளில் சுற்றிச் சுற்றி வேட்டையாடியவர். அவருடைய வேட்டைக் குறிப்புகள் 1892இல் நூலாக வந்தன. ஒரு மனிதர் வந்து சுட்டுவிட்டுப் போனார், மலைக்கு அவர் பெயர். அந்தப் புல்வெளியில் தலைமுறை தலைமுறையாக நடந்த முதுவர்கள் அவருக்கு வெறும் வழிகாட்டிகள்.

அவர்கள் தேடி வந்த விலங்கு நம் வரையாடு. ஐரோப்பிய மலைகளில் பார்த்த ஐபெக்ஸ் ஆடு என்று நினைத்து அதை 'நீலகிரி ஐபெக்ஸ்' என்றே அழைத்தார்கள். அது ஐபெக்ஸ் அல்ல. இமயமலையின் தார் ஆட்டுக்குச் சொந்தம் என்று பிறகு வகைப்படுத்தினார்கள். அதுவும் சரியில்லை என்று 2005இல் மரபணு ஆய்வு சொன்னது. வெள்ளாட்டைவிடச் செம்மறிக்கே அது நெருங்கிய உறவு என்று கண்டு, அதற்கெனத் தனிப் பேரினமே ஏற்படுத்தினார்கள். ஆக, மாமா மகன் சுட்ட காட்டுச் செம்மறிக்கும் நம் மேகமலைப் பாறையில் நிற்கும் வரையாட்டுக்கும் தூரத்துச் சொந்தம் உண்டு. வேட்டையின் முறையும் சொந்தம்தான். மலையாடுகள் ஆபத்தை எப்போதும் கீழிருந்தே எதிர்பார்க்கும். அதனால் வேட்டைக்காரன் சுற்றிப்போய் மேலிருந்து இறங்க வேண்டும். அந்தச் சுற்றுவழி துரைக்குத் தெரியாது. மலையில் வாழ்கிறவருக்குத்தான் தெரியும். வழி தெரிந்தவர் முன்னால் நடக்கிறார், சுமை தூக்குகிறவர்கள் பின்னால் வருகிறார்கள், நடுவில் நடக்கிறவர் வீரர் ஆகிறார்.

1877இல் பூஞ்ஞாற்று அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எழுதி வாங்கினார். காடு திருத்தப்பட்டது, தேயிலை நட்டார்கள். தேயிலை ஏறாத உயரத்தை வேட்டைக்கு ஒதுக்கிக்கொண்டார்கள். 1971இல் கேரள அரசு நிலத்தை மீட்கச் சட்டம் கொண்டுவரும்வரை இரவிகுளம் தோட்டத்துரைகளின் வேட்டைக்களமாகவே பராமரிக்கப்பட்டது. 1975இல் சரணாலயம், 1978இல் தேசியப் பூங்கா. வேட்டைக்கெனக் காத்த நிலத்தில்தான் இன்று உலகிலேயே பெரிய வரையாட்டுக் கூட்டம் இருக்கிறது.

இந்த இடத்தில் வேட்டைப் புகழ் பாடுகிறவர்கள் நம்மை மடக்குவார்கள். "பார்த்தீர்களா, வேட்டைக்காரர்கள்தான் வரையாட்டைக் காப்பாற்றினார்கள்" என்பார்கள். பாகிஸ்தானில் மார்கோர் ஆட்டை வேட்டையாட வெளிநாட்டவர் கட்டும் பெரும் பணத்தில் 80 சதவீதம் அந்த ஊர் மக்களுக்குப் போகிறது, அதனால் மார்கோர் பெருகியது என்றும் எடுத்துக்காட்டுவார்கள். இதைப் பொய் என்று நான் சொல்லப்போவதில்லை. இரவிகுளத்தில் சுடுவதற்குக் கட்டுப்பாடு இருந்தது, காவல் இருந்தது, ஆடு பிழைத்தது. ஆனால் காவல் பார்த்தது யார்? வேட்டைச் சங்கம் சம்பளத்துக்கு வைத்த முதுவர்கள். அந்தக் காவலுக்கான பணம் எங்கிருந்து வந்தது? கீழே சரிவில் கொழுந்து பறித்த பெண்களின் கையிலிருந்து. தேயிலை லாபம் இல்லாமல் தோட்டத்துரை இல்லை, தோட்டத்துரை இல்லாமல் வேட்டைச் சங்கம் இல்லை. 'வேட்டைக்காரன் காப்பாற்றினான்' என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்து எழுதட்டும். மார்கோர் கணக்கிலும் ஊருக்கு வரும் பணம் யார் கையில் போய்ச் சேருகிறது, ஊர்க் கூட்டத்தில் பெண்ணுக்கு இடமிருக்கிறதா என்ற கேள்வியைக் கேட்டுவிட்டு நம்மிடம் வரட்டும்.

இன்னொன்றையும் பேச வேண்டும். முதுகில் சாம்பல் படர்ந்த முதிர்ந்த கிடாவைத்தான் துரைகள் தேடினார்கள். 'சேடில்பேக்' என்று அதற்குப் பெயர், சேணம் போட்ட முதுகு. அதைச் சுடுவது வீரம், பெட்டையைச் சுடுவது கேவலம். இன்றும் அலாஸ்காவில் டால் செம்மறிக் கிடாவின் கொம்பு ஒரு முழுச் சுற்று சுருண்டிருக்க வேண்டும், அல்லது அதற்கு எட்டு வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இதை வேட்டையின் அறம் என்று பாராட்டுவார்கள். பெண்ணை விட்டுவிடும் பெருந்தன்மையாம்.

இந்தப் பெருந்தன்மை நமக்குப் பழக்கமானது. பெட்டை ஏன் விடப்படுகிறது? அடுத்த வருடம் சுடுவதற்குக் கிடா வேண்டும், அதை அவள்தான் ஈன்று தர வேண்டும். கறவை மாட்டை யாரும் அடிமாட்டுக்கு அனுப்புவதில்லை, கறக்கிறவரை. 'எங்கள் வீட்டுப் பெண்களை நாங்கள் தெய்வமாக மதிக்கிறோம், வேலைக்கு அனுப்ப மாட்டோம், வெளியே விட மாட்டோம்' என்று சொல்கிறவர்களின் மதிப்பும் இதே கணக்கில் வருவதுதான். பாதுகாப்பு என்ற சொல்லை எங்கே கேட்டாலும், யாருடைய உபயோகத்துக்காக என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பெட்டைக்குச் சுவரில் இடமில்லை, கதையிலும் இடமில்லை. இனப்பெருக்க காலம் தவிர மற்ற நாட்களில் பெரிய கிடாக்கள் பெரும்பாலும் விலகியே மேய்கின்றன. குட்டிகளை வைத்துக்கொண்டு செங்குத்துப் பாறையில் காலம் தள்ளுவது பெட்டைகள்தான். கரிபூவை எடுத்துக்கொள்ளுங்கள். மான் குலத்தில் பெண்ணுக்கும் கொம்பு முளைப்பது அதில் மட்டும்தான். இணைசேரும் காலம் முடிந்ததும் பெரிய ஆண்கள் கொம்பை உதிர்த்துவிடுகின்றன. சினைப் பெண்கள் பனிக்காலம் முழுவதும் கொம்போடு நின்று, பனியைத் தோண்டிக் கண்ட தீனியைக் காத்துக்கொள்கின்றன. ஆனாலும் வரவேற்பறைச் சுவருக்கு வேண்டியது ஆணின் கொம்புதான். உயிர் பிழைக்க உதவும் கொம்பைவிட மோதிக்காட்டும் கொம்புக்குத்தான் சந்தையில் விலை.

மூணாறு ஹைரேஞ்ச் கிளப்பில் ஒரு மதுக்கூடம் இருக்கிறது. பெயரே 'ஆண்கள் மதுக்கூடம்'. சுவரில் வேட்டையாடிய விலங்குகளின் தலைகள். அவற்றோடு தொப்பிகள். நெடுங்காலம் இந்த மலையில் உழைத்த தோட்டத்துரைகளின் தொப்பிகளை நினைவாக மாட்டி வைத்திருக்கிறார்கள். நெடுங்காலம் உழைத்தவர்களுக்கு மரியாதையாம். அதே மலையில் நாற்பது வருடம் கொழுந்து பறித்த பெண்ணின் தலைத்துணியை யார் மாட்டி வைத்தார்கள்? கூடையின் பட்டை அழுத்தி அழுத்தி நெற்றியில் விழுந்த தழும்புக்கு எந்தச் சுவரில் இடம்?

அந்தப் பெண்கள் இடத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். 2015 செப்டம்பரில் மூணாற்றில் 'பொம்பிளை ஒருமை' என்ற பெயரில் சாலையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், அதிலும் பெரும்பாலோர் தலித் பெண்கள். வெட்டப்பட்ட போனஸை 20 சதவீதமாகத் தரச் சொன்னார்கள். அன்று நாள்கூலி 232 ரூபாய், 500 கேட்டார்கள். தங்கள் பெயரில் பேசிப் பேசிப் பழகிய ஆண் தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் விடவில்லை. ஒன்பது நாளில் போனஸ் கோரிக்கை வென்றது. கூலி பிறகு 301 ஆனது, கேட்டது கிடைக்கவில்லை. இந்த மலையில் நடந்த வீரச்செயல் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். கையில் துப்பாக்கி இல்லை, வழிகாட்டி இல்லை, முன்பணம் கட்டவில்லை.

மாமா சொன்ன 'ரத்தம்' பற்றியும் பேசிவிடுவோம். கோம்பை நாய் பேர் போனதுதான். பன்றி வேட்டைக்குப் பழக்கிய நாய். அந்த நாய்க்குக் கஞ்சி ஊற்றி வளர்த்த பாட்டிகளைப் பற்றி யாராவது பெருமை பேசிக் கேட்டிருக்கிறீர்களா? 'ஆண் வேட்டையாடினான், அதனால் மனித இனம் வளர்ந்தது' என்பது ஊர்ப் பேச்சு மட்டுமில்லை, மானுடவியலின் பேச்சாகவும் இருந்தது. 1966இல் சிகாகோவில் 'வேட்டைக்கார மனிதன்' என்ற தலைப்பிலேயே ஒரு பெரிய கருத்தரங்கு நடந்தது. வேடிக்கை என்னவென்றால், கலஹாரி பாலைவனத்து மக்களின் உணவில் பெரும்பகுதி பெண்கள் சேகரித்துக் கொண்டுவந்த கொட்டையும் கிழங்கும்தான் என்று அதே அரங்கில் ரிச்சர்ட் லீ கணக்குக் காட்டினார். கணக்கு வந்த பிறகும் தலைப்பு மாறவில்லை. சேகரித்த பெண் ஏன் கதையில் இல்லை என்று சாலி ஸ்லோகம் போன்ற பெண் ஆய்வாளர்கள்தான் எழுபதுகளில் கேட்க வேண்டியிருந்தது. நம் பளியர் பெண்கள் கம்பை ஊன்றிக் காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டி எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிய கண்டுபிடிப்பே இல்லை. 2020இல் பெருவின் மலைப்பகுதியிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. சுமார் 9000 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழி ஒன்றில் வேட்டைக் கருவிகளோடு கிடந்த எலும்புக்கூடு ஒரு பெண்ணுடையது. 'ரத்தத்தில் ஊறியது' என்றால் அவள் ரத்தமும் ரத்தம்தானே?

நம் குறிஞ்சித் திணையிலும் வேட்டை வருகிறது. தினைப்புனத்தில் பரண்மேல் நின்று கிளி விரட்டும் பெண்ணிடம் தலைவன் வந்து, 'என் அம்பு தைத்த விலங்கு இந்தப் பக்கம் வந்ததா?' என்று கேட்பான். அவன் தேடுவது விலங்கை அல்ல என்பது அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். கல்லூரியில் இதைக் காதலின் நயம் என்று படித்தோம். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. அவன் சுற்றித் திரிகிறான், அவள் வேலையில் இருக்கிறாள். பயிரைக் காத்து வீட்டுக்கு உணவு சேர்ப்பவள் அவள். ஆனால் வேட்டைக்காரன் என்ற பட்டம் வெறுங்கையோடு நிற்பவனுக்கு.

அப்படியானால் பெண்ணும் துப்பாக்கி எடுத்தால் சரியாகிவிடுமா? சில தோழிகள் அப்படிச் சொல்கிறார்கள். அதற்கும் முன்னுதாரணம் உண்டு. இசபெல் சேவரி என்ற ஆங்கிலேயப் பெண் இந்தியாவில் வேட்டையாடித் திரிந்த அனுபவத்தை 1900இல் புத்தகமாக எழுதினார். பெண்ணால் முடியாது என்றவர்களின் வாயை அடைத்த புத்தகம்தான், மறுக்கவில்லை. ஆனால் துரையின் மூட்டையைச் சுமந்த அதே ஆட்கள்தான் துரைசாணியின் மூட்டையையும் சுமந்தார்கள். சுமை இறங்காமல், சுமக்க வைக்கிறவரின் உடை மட்டும் மாறினால் அது நம் விடுதலை ஆகாது.

நம் ஊரில் மலையேறாத பெண்கள் குறைவு. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், போடி என்று எல்லா ஊரிலும் விடியுமுன் ஜீப்புகள் நிற்கும். மூன்று மணிக்கு எழுந்து, சோறாக்கி, தூக்குவாளியில் அடைத்து, பிள்ளைகளுக்கு மூடி வைத்துவிட்டு ஓடி வந்து ஏறுவார்கள். அளவுக்கு மேல் ஆட்களை அடைத்துக்கொண்டு கம்பம்மெட்டிலும் குமுளியிலும் போடிமெட்டிலும் ஜீப் ஏறும். ஏலச்செடியின் தூரில் குத்தவைத்து நாள் முழுக்கக் காய் எடுக்க வேண்டும். மழையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு, காலில் ஏறும் அட்டையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு. சாயங்காலம் அதே ஜீப், அதே வளைவு. அது கவிழ்ந்தால் செய்தித்தாளின் உள்பக்கத்தில் 'தோட்டத் தொழிலாளர்கள் சென்ற ஜீப்' என்று வரும். யாரும் அதைச் சாகசம் என்று எழுத மாட்டார்கள். மலை ஆணுக்குச் சாகசம், பெண்ணுக்குக் கூலி.

கூலிக்கில்லாமல், தன் ஆசைக்காக மலையேறும் பெண்ணை இந்தச் சமூகம் எப்படிப் பார்க்கிறது என்பது 2018 மார்ச்சில் தெரிந்தது. மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிவந்த மலையேற்றக் குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. 23 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் இளம் பெண்கள். மகளிர் தினத்தை ஒட்டி வந்தவர்களும் அதில் இருந்தார்கள். கேட்க வேண்டிய கேள்விகள் எத்தனையோ இருந்தன. தீக்காலத்தில் காட்டுக்குள் அனுப்பியது யார், எச்சரிக்கை ஏன் சேரவில்லை, மீட்பு வந்து சேர ஏன் அத்தனை நேரமானது? எங்கள் ஊர் டீக்கடைகளில் நான் கேட்டதோ, "பொம்பளப் பிள்ளைகளுக்கு மலையில என்ன வேலை?" என்பதுதான். அந்தக் கேள்வி கேட்கப்பட்ட நேரத்தில், எதிரே ரோட்டில் பெண்களை ஏற்றிய ஜீப்புகள் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. அவர்களை யாரும் அப்படிக் கேட்கவில்லை. ஏலக்காய்க்காகப் போனால் போகலாம். தனக்காகப் போனால்தான் தப்பு.

கண்ணகி எங்கே போனாள்? மதுரையை எரித்துவிட்டு மலையேறித்தான் போனாள். கூடலூருக்கு மேலே வண்ணாத்திப்பாறையில் இருக்கும் மங்கலதேவி கோயில் சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் திறக்கிறது. நீதி கேட்ட பெண்ணுக்கு வருடத்தில் ஒரே ஒரு நாள். அவளைப் பார்க்கப் போகும் பெண்களுக்கும் அந்த ஒரு நாள்தான் கூலியில்லாத மலை.

நல்ல காரியங்களும் நடக்கின்றன, சொல்ல வேண்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வரையாட்டைச் சுடுவது குற்றம். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. 2023இல் தமிழக அரசு வரையாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 2024இல் எடுத்த கணக்கில் தமிழ்நாட்டில் 1031 ஆடுகள், அடுத்த ஆண்டு 1303. மகிழ்ச்சி. 2024 அக்டோபரில் அரசே வழிகாட்டிகளோடு 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. துப்பாக்கி போய்க் கேமரா வந்திருக்கிறது. ஆனால் காசு கட்டுகிறவர் நடுவில் நடக்க, வழி தெரிந்தவர் முன்னால் நடக்க, சுமப்பவர் பின்னால் நடக்கும் வரிசை மாறாமல் இருந்தால், கொம்புக்குப் பதில் செல்ஃபி கிடைத்ததைத் தவிர வேறு என்ன மாற்றம்?

ஆகவே கேட்போம். மலையேற்றப் பாதைகளில் பளியர், முதுவர் பெண்களை வழிகாட்டிகளாக, வனக் காவலர்களாக நிரந்தரச் சம்பளத்தில் எடுங்கள். அந்தப் பாதையும் பாறையும் அவர்கள் வாயில் என்ன பெயரோ அந்தப் பெயரையே பலகையில் எழுதுங்கள். 2006 வன உரிமைச் சட்டப்படி அவர்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுங்கள், பட்டாவில் பெண்ணின் பெயரையும் சேர்த்து. தோட்ட ஜீப்புகளில் எத்தனை பேர் ஏறலாம் என்ற விதியை மலையடிவாரத்திலேயே அமல்படுத்துங்கள். அதற்கான செலவு தோட்ட முதலாளியைச் சேரட்டும், ஏறும் பெண்ணின் கூலியில் கை வைக்க வேண்டாம்.

இதைப் படிக்கும் மாணவிகளிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ மலைவேலைக்குப் போன ஒரு மூத்த பெண் இருப்பார். அவரிடம் போய் உட்காருங்கள். எந்த வளைவில் ஜீப் திணறும், எந்த ஓடையில் தண்ணீர் இனிக்கும், யானை வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும், அவருக்குத் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள். ஹாமில்டனின் குறிப்புகள் புத்தகமாகலாம் என்றால் அந்த அம்மாவின் குறிப்புகளும் ஆகலாம்.

மாமா மகனின் படம் இப்போது அவர்கள் வீட்டு வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. போன மாதம் ஒரு விசேஷத்துக்குப் போனபோது அம்மா அதன் முன்னால் நின்று மறுபடியும் பார்த்தார். படத்தின் ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, ஒரு கை தெரிகிறது. கிடாவின் பின்பாகம் சரிந்துவிடாமல் தாங்கிப் பிடித்திருக்கும் கை. அம்மா அதைத் தொட்டுக் காட்டி என்னிடம் கேட்டார்: "இது யாருடி?"

மாமாவுக்குத் தெரியவில்லை.